இரண்டு வார விடுப்பும் சந்தியாகோ பாதயாத்திரையும்: எங்கே தொடங்குவது?

அக்காவும் அத்தானும் ஸ்பெயினில் நடக்கப் போகிறார்கள். அக்கா பள்ளி ஆசிரியை. மே மாத விடுமுறையில் விமானப் பயணம் போக, நடப்பதற்கு 13 நாள் தேறும். அத்தான் ஒரு தாளில் ஐந்து பாதைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தூரம், நாள், செலவு என்று கட்டம் போட்டு அனுப்பி, "ஒன்றில் டிக் போட்டுக் கொடு" என்றார். நான் அங்கே மூன்று முறை நடந்திருக்கிறேன். மூன்றும் துண்டு துண்டான நடைகள். ஒரு முழுப் பாதையை ஒருமுறைகூட முடித்ததில்லை. விடுப்பைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு என்னைப் போன்ற அரைகுறை யாத்திரிகனின் கணக்குதான் பொருந்தும் என்பதால், டிக் போடாமல் இதை எழுதுகிறேன்.

எல்லாப் பாதைகளும் போய்ச் சேரும் இடம் ஒன்று: வடமேற்கு ஸ்பெயினின் கலீசியா மாநிலத்தில் உள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயம். நம் ஊர்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்குகிறார்களே, அவருடைய கல்லறை அங்கே இருப்பதாக 9ஆம் நூற்றாண்டிலிருந்து நம்பிக்கை. 2024இல் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அங்கே போய் யாத்திரைச் சான்றிதழ் வாங்கினார்கள். கடைசி 100 கிலோமீட்டரையாவது நடந்து வந்திருந்தால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். யாத்திரை அட்டையில் நாளுக்கு இரண்டு முத்திரை இருக்க வேண்டும். முத்திரையை விடுதியிலும் தேவாலயத்திலும் தேநீர்க்கடையிலும்கூடக் குத்தித் தருவார்கள்.

பலருடைய முடிவை இந்த 100 கிலோமீட்டர் விதிதான் எடுத்துவிடுகிறது. சான்றிதழ் வாங்குகிறவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குச் சார்ரியா என்ற ஒரே ஊரில் தொடங்குகிறார்கள். பிரான்ஸ் எல்லையிலிருந்து சந்தியாகோ வரை வரும் பிரெஞ்சு வழியில் உள்ள ஊர் அது. ரயிலில் வந்து இறங்கலாம். அங்கிருந்து சந்தியாகோ ஏறக்குறைய 115 கிலோமீட்டர். ஐந்து நாளில் முடிந்துவிடும். என் முதல் நடையும் அதுதான்.

அதில் குறை சொல்ல அதிகம் இல்லை என்று முதலில் ஒப்புக்கொள்கிறேன். பாதை மென்மையானது. கருங்கல் தூண்மேல் நிற்கும் தானியக் களஞ்சியங்கள், பசுக்கள் குறுக்கே போகும் சந்துகள், மீட்டர் வரைக்கும் துல்லியமாக மீதித் தூரம் காட்டும் மைல்கற்கள். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு காபிக்கடை. தனியாகப் போகும் பெண்ணுக்கும் முதியவருக்கும் இதைவிடத் தோதான பாதை கிடைப்பது அரிது. ஆனால் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் பாட்டு வைத்துக்கொண்டு முந்திப் போகிறார்கள். பிரான்ஸ் எல்லையிலிருந்து ஒரு மாதமாக நடந்து கறுத்துப்போய் வருகிறவர்கள், சலவைச் சட்டையோடு சார்ரியாவில் சேர்ந்துகொள்ளும் நம்மை ஒரு பார்வை பார்ப்பார்கள். பொறாமையா இளக்காரமா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் கால் பழகுகிறது, நான்காம் நாள் முகங்கள் பழகுகின்றன, ஐந்தாம் நாள் ஊர் வந்துவிடுகிறது. பந்தியில் உட்கார்ந்து இலை போட்டதும் எழுப்பிவிட்டது போல இருந்தது எனக்கு.

ஒரே வாரம்தான், சான்றிதழும் வேண்டும் என்கிறவருக்கு நான் சொல்வது சார்ரியா இல்லை, ஃபெர்ரோல். கடலோரக் கப்பல்கட்டும் நகரம். இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கப்பலில் வந்த யாத்திரிகர்கள் நடந்த வழி என்பதால் ஆங்கிலேய வழி என்று பெயர். 110 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஐந்தாறு நாள். ஏற்றம் கொஞ்சம் கூடுதல், கடைகள் குறைவு, கூட்டம் மிகக் குறைவு. இதை நான் நடக்கவில்லை. நடந்துவிட்டு வந்த இரண்டு நண்பர்களும் வேறெந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள், இதில் ஒத்துப்போனார்கள். (ஆங்கிலேய வழிக்கு லா கொருன்யாவிலிருந்தும் ஒரு கிளை உண்டு. அது 75 கிலோமீட்டர்தான். சான்றிதழுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு என்பதால் புதியவர்கள் அதில் சிக்கிக்கொள்ள வேண்டாம்.)

அத்தான் தாளில் மீதமுள்ளவற்றில் இரண்டைச் சீக்கிரம் தள்ளிவிடுகிறேன். வடக்கு வழி, பிரான்ஸ் எல்லையோரம் உள்ள இரூன் என்ற ஊரிலிருந்து கடற்கரை ஓரமாக 800 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அழகு கொட்டிக்கிடக்கிறது, ஆனால் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். பில்பாவோ போன்ற பெரிய நகரங்களின் புறவழியில் தார்ச்சாலை நடை வேறு. ஒவியேதோவிலிருந்து தொடங்கும் ஆதி வழி, 9ஆம் நூற்றாண்டில் அஸ்தூரியாஸ் அரசர் இரண்டாம் அல்ஃபோன்ஸோ போனதாகச் சொல்லப்படும் மலைப்பாதை. 310 கிலோமீட்டருக்கு மேல், 13 நாள். நாள் கணக்கு சரியாகப் பொருந்துகிறது என்று அத்தான் மகிழ்ந்தார். அக்காவின் முழங்கால் பொருந்தாது. ஆதி வழியில் முதல் பாதி மலையைத் தவிர வேறில்லை, அதுவும் மழையில் சேறாகும் மலை.

ஆக மிஞ்சுவது இரண்டு: போர்த்துக்கல்லில் போர்ட்டோ நகரிலிருந்து சந்தியாகோ வரை போர்த்துகீசிய வழியில் நடப்பது, அல்லது பிரெஞ்சு வழியின் தலைப்பகுதியில், சேன் ஜான் பியே தெ போர் என்ற பிரான்ஸ் எல்லை ஊரிலிருந்து ஸ்பெயினின் பூர்கோஸ் நகரம் வரை நடந்துவிட்டு, சந்தியாகோவைப் பார்க்காமலே ஊர் திரும்புவது.

இரண்டாவதைச் சொன்னதும் அத்தான், "திருப்பதி போய் மலையேறாமல் திரும்பச் சொல்கிறாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, பாதையை விட்டுவிட்டுக் கட்டிலைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்த யாத்திரையில் ஒருவர் நாளுக்கு ஆறேழு மணி நேரம் நடக்கிறார். மீதி நேரம் முழுக்க யாத்திரிகர் விடுதியில் கழிகிறது. அங்கே அதற்கு அல்பெர்கே என்று பெயர். யாத்திரை அட்டை இருந்தால்தான் இடம், பெரும்பாலும் ஓர் இரவு மட்டும், இரவு 10 மணிக்கு விளக்கணைப்பு, காலை 8 மணிக்குள் வெளியே. அடுக்குக் கட்டில், ஒரே கூடத்தில் பத்திலிருந்து நூறு பேர் வரை. இவ்வளவும் பொது. இதற்கு மேல் மூன்று சாதி.

முதலாவது, ஊராட்சியோ மாநில அரசோ நடத்துவது. கலீசியாவில் அரசு விடுதி 10 யூரோ அளவில். காகிதம் போன்ற ஒரு விரிப்பும் தலையணை உறையும் தருவார்கள். முன்பதிவு கிடையாது. முதலில் வந்தவருக்கு முதல் கட்டில். இதனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விடியுமுன்னே நெற்றிவிளக்குக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. பந்திக்கு முந்து என்பதை இவர்கள் யாரிடம் கற்றார்களோ. கலீசிய அரசு விடுதிகளில் இன்னொரு விசித்திரம்: பளபளவென்று சமையலறை இருக்கும், அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்காது. ஒரு ஜெர்மானியப் பெண்மணி தகரக் குவளையில் நான்கு தவணையாகப் பாஸ்தா வேகவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, தனியார் விடுதி. 15 முதல் 20 யூரோ. தொலைபேசியிலோ இணையத்திலோ கட்டிலைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கட்டிலுக்குத் திரைச்சீலை, தலைமாட்டில் விளக்கு, சார்ஜ் செய்யத் துளை, துணி துவைக்க இயந்திரம். மாலையில் ஆளுக்கு ஆள் திரையை இழுத்துவிட்டுச் செல்பேசியைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். சௌகரியம்; ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் எந்த ஊர் என்று தெரியாமலே விடிந்துவிடும்.

மூன்றாவதைத்தான் நான் சத்திரம் என்பேன். அங்கே தொனாத்திவோ என்கிறார்கள்: கட்டணம் இல்லை, உண்டியல் மட்டும். பங்குக் கோயிலோ துறவியர் மடமோ யாத்திரிகர் சங்கமோ நடத்துவது. பொறுப்பில் இருப்பவர்கள் சம்பளக்காரர்கள் அல்லர். முன்பு இதே பாதையில் நடந்துவிட்டு, நன்றிக்கடனாக இரண்டு வாரம் வந்து தங்கிக் கழிப்பறை கழுவிச் சமைத்துப் போடுகிறவர்கள். பிரெஞ்சு வழியில் சாந்தோ தொமிங்கோ என்ற ஊரைத் தாண்டி ஏழு கிலோமீட்டரில் கிரான்யோன் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள தேவாலயத்தின் மணிக்கூண்டை ஒட்டிய அறையில் கட்டிலே இல்லை, தரையில் பாய்மெத்தை. மாலையில் எல்லாரும் சேர்ந்து காய் நறுக்க வேண்டும். நீள மேசையில் ஒரே பந்தி. சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிய பிறகு கோயிலின் பாடகர் மாடத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சிறு பிரார்த்தனை, விரும்பினால் போகலாம். உண்டியலுக்கு மூடி கிடையாது. முடிந்ததைப் போடு, தேவையானதை எடுத்துக்கொள் என்பது அங்கே வழக்கம். நான் வெங்காயம் நறுக்கினேன். எதிரே தக்காளி நறுக்கிய கொரிய முதியவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அடுத்த ஐந்து நாள் வழியில் எங்கே பார்த்தாலும் அவர் கத்தியை ஆட்டுவது போலக் கையை ஆட்டுவார். நான் கண்ணைத் துடைப்பது போல நடிப்பேன்.

உண்டியல் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டணம் இல்லை என்றால் இலவசம் என்று பொருள் இல்லை. இன்று போடும் பணத்தில்தான் நாளை வருகிறவருக்கு அரிசி வாங்குகிறார்கள். இரவுச் சாப்பாடும் காலைக் காபியும் சேர்த்துத் தனியார் விடுதிக்கு என்ன கொடுப்போமோ அதைப் போடுவதுதான் முறை.

இப்போது அத்தானின் திருப்பதிக் கேள்விக்கு வரலாம். இந்தச் சத்திரங்கள் எல்லாப் பாதையிலும் ஒரே அடர்த்தியில் இல்லை. போர்த்துகீசிய வழியில் அங்கொன்றும் இங்கொன்றும் உண்டு. பிரெஞ்சு வழியில் நிறைய, அதிலும் சார்ரியாவுக்கு வெகு முன்னாலேயே: கிரான்யோன், அதற்கு அப்பால் தொசாந்தோஸ், பூர்கோஸையும் தாண்டினால் பெர்சியானோஸ். சார்ரியாவுக்குப் பிறகு வியாபாரம் முந்திக்கொள்கிறது. சான்றிதழ் தரும் கடைசி 100 கிலோமீட்டரும், சத்திரங்கள் செழிக்கும் பகுதியும் வேறு வேறு. இரண்டும் வேண்டுமென்றால் 780 கிலோமீட்டரையும் நடக்க 33 நாள் விடுப்பு வேண்டும். பாதி நாளே இருப்பவர் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். நான் சான்றிதழை விட்டேன்.

சேன் ஜான் முதல் பூர்கோஸ் வரை சுமார் 285 கிலோமீட்டர், 13 நாள். முதல் நாளே பிரனீஸ் மலை. 25 கிலோமீட்டரில் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். சேன் ஜானில் யாத்திரிகர் அலுவலகத்தில் அட்டையும் முதல் முத்திரையும் தந்து, மேலே வானிலை எப்படி என்றும் சொல்லி அனுப்புவார்கள். மூடுபனி இறங்கினால் மேல்வழியை விட்டுப் பள்ளத்தாக்கு வழியாகப் போகச் சொல்வார்கள், கேட்டுக்கொள்வது நல்லது. நவம்பர் முதல் மார்ச் முடிய மேல்வழி மூடப்பட்டிருக்கும். ஒரே மூச்சில் ஏற முடியாதவர்கள் எட்டாவது கிலோமீட்டரில் உள்ள ஒரிசோன் விடுதியில் முன்கூட்டியே இடம் பிடித்து, ஏற்றத்தை இரண்டாக உடைத்துக்கொள்ளலாம். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் ரொன்செஸ்வயெஸ் மடம். யாத்திரிகர்களுக்கு அங்கே நூற்றாண்டுகளாக இடம் கொடுக்கிறார்கள். இப்போது டச்சுத் தொண்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

பிறகு பம்ப்லோனா, எஸ்தெய்யா, திராட்சைத் தோட்டங்களின் லோக்ரோன்யோ என்று நிலம் நாளுக்கு நாள் மாறும். எஸ்தெய்யாவைத் தாண்டி ஒரு மது ஆலைச் சுவரில் இரண்டு குழாய்: ஒன்றில் தண்ணீர், ஒன்றில் யாத்திரிகருக்கு இலவசத் திராட்சை மது. காலை எட்டு மணிக்கு அங்கே நின்றது எனக்கு வரிசையில் வந்த வாய்ப்பு. எந்தக் குழாயைத் திறந்தேன் என்பதை அக்கா படிப்பார் என்பதால் எழுதவில்லை.

போர்ட்டோ வழிக்கு நான் செய்யும் அநீதியையும் சரிசெய்துவிடுகிறேன், ஏனென்றால் என் மூன்று நடைகளில் உடம்பு அதிகம் சுகப்பட்டது அதில்தான். அதில் உள்வழி, கடலோர வழி என்று இரண்டு உண்டு. உள்வழி சுமார் 240 கிலோமீட்டர், பதினொரு நாளில் முடிந்துவிடும். பெரிய ஏற்றம் என்றால் பொந்தே தெ லீமாவுக்கு அப்பால் ஒன்றே ஒன்று. ஆனால் போர்த்துக்கல் பகுதியில் கருங்கல் பாவிய சாலைகள் பாதத்தைப் பதம் பார்க்கும். எனக்குக் கொப்புளம் வந்தது மலையில் இல்லை, அந்தக் கல்லில்தான். கடலோர வழி சுமார் 270 கிலோமீட்டர். தொடக்கத்தில் பல மைல் தூரம் மணல்மேட்டின் மீது போட்ட பலகைப் பாதை, கமின்யாவில் ஆற்றைப் படகில் கடந்து ஸ்பெயினுக்குள் நுழைதல், ரெதொந்தெலாவில் உள்வழியோடு சேர்க்கை. முழங்காலுக்கு இதைவிட இதமான நீள்நடை அந்தப் பக்கத்தில் இல்லை. உள்வழியில் போனால் பர்செலோஸ் என்ற ஊரில் ஒரு சேவல் கதை சொல்வார்கள்: பொய்க்குற்றத்தில் தூக்குக்குப் போன யாத்திரிகனுக்காகத் தட்டில் இருந்த பொரித்த சேவல் எழுந்து கூவியதாம். பிரெஞ்சு வழியில் சாந்தோ தொமிங்கோவிலும் இதே கதைதான். அங்கே ஒரு படி மேலே போய், பேராலயத்துக்குள்ளேயே கூண்டில் உயிருள்ள சேவலையும் கோழியையும் வளர்க்கிறார்கள். நான் போயிருந்தபோது பிரசங்கத்துக்கு நடுவே அது கூவியது.

சாப்பாடு: சைவக்காரர்களுக்கு இரண்டு பாதையும் ஏறக்குறைய ஒரே சோதனை. இறைச்சி வேண்டாம் என்றால் ஹமோன் என்னும் பன்றித் தொடைத் துண்டு வரும். அது அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. சாலட் கேட்டால் மேலே சூரை மீன் இருக்கும். பருப்புச் சாற்றுக்குள் தொத்திறைச்சி ஒளிந்திருக்கும். இறைச்சி, மீன், ஹமோன் மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். சத்திரங்களில் கூட்டுச் சமையல் என்பதால் போய்ச் சேர்ந்ததுமே சொல்லிவிட்டால் கவலை இல்லை. போர்ட்டோ வழியில் ஆறுதல் பத்ரோன் ஊரின் பச்சைமிளகாய்ப் பொரியல். பத்தில் ஒன்று காரமாக இருக்கும் என்று அங்கே பயமுறுத்துவார்கள். நான் இரண்டு தட்டு தின்றும் அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. விடுதி, ஒருவேளை யாத்திரிகர் சாப்பாடு, மளிகைக் கடைப் பழம் ரொட்டி எல்லாம் சேர்த்து நாளுக்கு 40 யூரோவில் இரண்டு பாதையிலும் நான் சமாளித்தேன். வித்தியாசம் விசாவில் இருக்கிறது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் எதில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். சேன் ஜான் பிரான்சில் இருந்தாலும் அங்கே ஓர் இரவுதான், ஆகவே ஸ்பெயின். போர்ட்டோ உள்வழியில் எல்லை ஏறக்குறையப் பாதித் தூரத்தில் வருகிறது. விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். இன்னொரு சிக்கல், விண்ணப்பத்தோடு தங்குமிடச் சான்று கேட்பார்கள். சத்திரமும் அரசு விடுதியும் முன்பதிவு தருவதில்லை. இரத்துசெய்யக்கூடிய தனியார் விடுதிப் பதிவுகளை வைத்துத்தான் பலரும் விண்ணப்பிக்கிறார்கள். அந்தப் பதிவுகளை வைத்துக்கொள்வதும் விடுவதும் நடையைப் பார்த்து முடிவுசெய்யும் விஷயம். விட்டால் உடனே இரத்துசெய்துவிட வேண்டும். இரத்துசெய்யாமல் நாம் வராமல் போனால் வேறொரு யாத்திரிகருக்குக் கட்டில் இல்லாமல் போய்விடும்.

மூட்டைப்பூச்சி எல்லா வகை விடுதியிலும் வரும். எனக்குக் கடித்தது திரைச்சீலை போட்ட, நன்றாக வாசனை அடித்த ஒரு தனியார் விடுதியில். மெத்தையின் தையல் ஓரத்தை விளக்கடித்துப் பார்க்காமல் பையைக் கட்டில்மேல் வைக்கக்கூடாது. குறட்டைக்குக் காதடைப்பான் தவிர மருந்து இல்லை.

ஆண்டையும் பார்க்க வேண்டும். சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழும் ஆண்டு புனித ஆண்டு. 2021க்கு அடுத்து அது 2027. அந்த ஆண்டு கலீசியாவுக்குள் கூட்டம் பெருகும். பூர்கோஸோடு திரும்புகிறவருக்கு அந்தக் கவலை குறைவு.

இவ்வளவையும் படித்துவிட்டு அத்தான் பூர்கோஸ் பக்கம் சாய்ந்துவிட்டார். கெடுத்தது நான் எழுதாமல் விட்ட ஒரு விவரம். அக்கா முழங்காலுக்காகப் பையைச் சுமக்க முடியாது. ஊருக்கு ஊர் பையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடப்பார். ஆறேழு யூரோவில் எல்லாப் பாதையிலும் அந்த வசதி உண்டு. ஆனால் முன்னதாக வந்துசேரும் பைகளைச் சத்திரங்களில் பெரும்பாலும் வாங்குவதில்லை. சுமந்து வருகிறவருக்கே முதல் இடம் என்பது அவர்கள் நியதி. பை தனியார் விடுதிக்குப் போனால் ஆளும் அங்கேதான் போக வேண்டும். கிரான்யோனில் பாய் விரிக்க முடியாது என்றால், முதல் நாளே பிரனீஸில் அக்காவை ஏறவைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆகவே போர்ட்டோ, கடலோர வழி, நாளுக்கு 20 கிலோமீட்டரை ஒட்டி, 13 நாள், வழி நெடுகத் தனியார் விடுதி. சான்றிதழும் கிடைத்துவிடும் என்பதில் அத்தானுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: கீழ்க்கட்டில் கிடைக்குமா? முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுவிடலாம்; பெரும்பாலும் ஒதுக்கித் தருவார்கள். அத்தானுக்கு மேல்கட்டில்தான். ஏணியில் கைப்பிடி இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.